கூட்டத்துக்கு முன்னால் ஒரு கூட்டம்

அரசுப் பள்ளிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சு ஆசிரியரிடம் போய் நிற்கும், இல்லாவிட்டால் அரசாங்கத்திடம். பிள்ளையைப் பெற்றவர்கள் அதில் தலைகாட்டுவது ஒரே இடத்தில்தான்: "இந்த ஜனங்களுக்கு அக்கறையே இல்லைங்க." வடசென்னையில் என் மகள் படிக்கும் அரசு நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான் பெற்றோர் உறுப்பினர். இந்த வாக்கியத்தை ஷேர் ஆட்டோவில் கேட்டிருக்கிறேன், ரேஷன் கடை வரிசையில் கேட்டிருக்கிறேன், பள்ளிக்கூடத்துக்கு உள்ளேயே கேட்டிருக்கிறேன். விடியற்காலையில் இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு ஓடிவந்து, பிள்ளைக்குத் தலைவாரிப் பின்னி, ரிப்பன் கட்டி, கேட் மூடுவதற்குள் கொண்டுவந்து விடுகிற பெண்ணைப் பார்த்து அக்கறை இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. அக்கறை நிறைய இருக்கிறது. ஆனால் அது வீட்டுக்கு வீடு தனித்தனியாகச் சிதறிக் கிடக்கிறது. அதை ஒன்றுசேர்த்தால் பள்ளிக்கூடம் அசையும் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெற்றோரில் பலருக்கு இது தெரியாது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 21-ஆவது பிரிவில், அரசுப் பள்ளி ஒவ்வொன்றுக்கும் ஒரு மேலாண்மைக் குழு வேண்டும் என்கிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி ஒழுங்காக நடக்கிறதா என்று கண்காணிப்பது, வருகிற மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது, பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது எல்லாம் இந்தக் குழுவின் வேலை. அதே சட்டத்தின் அட்டவணையில் ஒரு பள்ளிக்கூடத்தில் என்னென்ன இருந்தாக வேண்டும் என்றும் இருக்கிறது: ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை, பாதுகாப்பான குடிநீர், சுற்றுச்சுவர், விளையாட்டுத் திடல், நூலகம். ஆரம்பப் பள்ளியில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 35 பேருக்கு ஒருவர். ஆக, கழிப்பறைக்குக் கதவு கேட்கிற அம்மா சலுகை கேட்கவில்லை. நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஒன்றைத்தான் கேட்கிறார்.

தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் பல வருடம் பெயருக்குத்தான் இருந்தன. 2022 மார்ச் 20, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாநிலம் முழுக்க அரசுப் பள்ளிகளில் ஒரே நாளில் பெற்றோரைக் கூட்டி இதை விளக்கினார்கள். அந்த வருடமே குழுக்கள் புதிதாக அமைந்தன. 20 உறுப்பினர்கள், அதில் 15 பேர் பெற்றோர், தலைவரும் பெற்றோரில் ஒருவர். 2024-இல் மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேர் ஆக்கினார்கள். நல்ல ஏற்பாடு. இதைக் கொண்டுவந்தவர்களைப் பாராட்ட எனக்குத் தயக்கமே இல்லை.

ஆனால் அரசாணை குழுவைத்தான் உண்டாக்கும். அந்தக் குழுவுக்குப் பின்னால் ஒரு கூட்டத்தை உண்டாக்க அதனால் முடியாது.

முதல் கூட்டங்கள் எப்படி நடந்தன என்றால், வெள்ளிக்கிழமை பிற்பகலில் கூப்பிடுவார்கள். வேலைக்குப் போகிற பெண்களுக்கு அது சரியாக மாலை வேலை தொடங்குகிற நேரம். வந்தவர்கள் சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முட்டியை மடக்கி உட்கார்ந்திருப்போம். தலைமை ஆசிரியர் சுற்றறிக்கையை வாசிப்பார். "எதாச்சும் கேக்கணும்னா கேளுங்கம்மா" என்பார். யாரும் வாய் திறக்க மாட்டோம். தீர்மானப் புத்தகம் சுற்றி வரும், கையெழுத்துப் போடுவோம், டீயும் பிஸ்கட்டும் வரும், எழுந்து வந்துவிடுவோம். கேட்டுக்கு வெளியே வந்ததும்தான் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள்! என்ன பேச வேண்டுமோ அது முழுக்க அந்தத் தெருவோரத்தில் கொட்டும்.

அந்தத் தெருவோரப் பேச்சைக் கூட்டத்துக்கு முன்னால் கொண்டுவந்ததுதான் நாங்கள் செய்த வேலை. எங்கள் குழுவில் மகளிர் சுய உதவிக் குழு நடத்திப் பழகிய ஓர் அக்கா இருக்கிறார். கடன் தவணை எப்படி வசூலிப்பது, வராதவர் வீட்டுக்கு எப்போது போவது, சண்டைக்காரி இரண்டு பேரை எப்படி ஒரே பாயில் உட்கார வைப்பது எல்லாம் அவருக்கு அத்துப்படி. "கூட்டத்துல பேசுன்னா எவ பேசுவா? முதல்ல வீட்ல போய்க் கேளு" என்றார். கேட்டோம். ராத்திரி சாப்பாட்டு நேரம் முடிந்து, சீரியலுக்கு நடுவில், வாசற்படியில் உட்கார்ந்து. பள்ளியைப் பற்றி நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. "உன் பொண்ணு ஸ்கூல் விட்டு வந்ததும் முதல்ல என்ன செய்யும்?" என்று மட்டும் கேட்டோம்.

வீட்டுக்கு வீடு ஒரே பதில். பையைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கழிப்பறைக்கு ஓடும்.

ஆறாவது, ஏழாவது, எட்டாவது படிக்கிற பெண் பிள்ளைகள் காலையிலிருந்து மாலை வரை பள்ளியில் கழிப்பறைக்குப் போவதே இல்லை. போக வேண்டி வரக் கூடாது என்று தண்ணீரும் குடிப்பதில்லை. காலையில் நிரப்பிக் கொடுத்த பாட்டில் அப்படியே திரும்பி வரும். ஒவ்வோர் அம்மாவும் தன் பிள்ளைதான் சோம்பேறித்தனமாகத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறது என்று நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தார். பல வீட்டுப் பாட்டில்களும் நிறைந்தே திரும்புகின்றன என்று தெரிந்த பிறகுதான் அது பிள்ளையின் குணம் இல்லை என்று புரிந்தது. கழிப்பறைக் கதவுகளில் சில உள்ளே தாழ் போட முடியாதவை. ஒருத்தி உள்ளே போனால் தோழி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏறாத நாட்களில் வாளியும் கிடையாது. மாதவிலக்கு நாட்களில் பிள்ளைகள் லீவு போட்டுவிடுவார்கள். வருகைப் பதிவேட்டில் அது வெறும் 'ஆப்சென்ட்'.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, இந்த விஷயம் எந்தப் படிவத்திலும் வரவில்லை என்பதுதான். படிவத்தில் 'பெண்களுக்குத் தனிக் கழிப்பறை உண்டா' என்று கேட்டிருந்தால் 'உண்டு' என்பதுதான் பதில். கட்டடம் இருக்கிறது, எண்ணிக்கையும் சரி. ஆனால் ஒரு பிள்ளைகூடப் போவதில்லை. இதைத் தெரிந்துகொள்ளக்கூடியவர்கள் அம்மாக்கள் மட்டும்தான், அதுவும் ஒருவரோடு ஒருவர் பேசினால்தான். மக்களை ஒன்றுதிரட்டுவது என்றால் கோஷம் போடுவது என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு ரொம்ப முன்னாலேயே தொடங்குகிறது அது.

அடுத்த கூட்டத்துக்கு முன்னால், அதே அக்கா வீட்டு மாடியில் நாங்கள் தனியாக உட்கார்ந்தோம். யார் எதைச் சொல்வது என்று பிரித்துக்கொண்டோம். பேசிப் பழக்கமே இல்லாத, ஆனால் இரண்டு மகள்கள் படிக்கிற ஒருவர் முதலில் பேசுவது என்று முடிவானது. கேட்பது இரண்டே இரண்டு: எல்லாக் கதவுக்கும் தாழ்ப்பாள், தொட்டிக்குத் தினமும் தண்ணீர். சுற்றுச்சுவர், பெஞ்ச், கணினி எல்லாம் பட்டியலில் இருந்தன. அவற்றை வேண்டுமென்றே ஒதுக்கினோம். நடந்ததா இல்லையா என்று பிள்ளையே வந்து சொல்லக்கூடிய ஒன்றை முதலில் பிடிக்க வேண்டும்.

கூட்டத்தில் பேசினோம். தீர்மானம் எழுதினார்கள். கையெழுத்துப் போடும் முன் எழுதியதை உரக்கப் படிக்கச் சொன்னோம். இதை எல்லாக் குழுக்களும் செய்ய வேண்டும் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். 'கழிப்பறை வசதி மேம்படுத்தப்பட வேண்டும்' என்று எழுதியிருந்தார்கள். அப்படி ஒரு வரியை வைத்துக்கொண்டு யாரிடமும் எதுவும் கேட்க முடியாது. எத்தனை கதவு, எந்தத் தேதிக்குள், எந்த அலுவலகம் என்று மாற்றி எழுதச் சொன்னோம். அப்புறம் கையெழுத்து.

தலைமை ஆசிரியர் முகம் அன்றைக்கு இறுகித்தான் போயிருந்தது. தன்மேல் புகார் சொல்கிறோம் என்று நினைத்திருப்பார். கூட்டம் முடிந்ததும் நாங்கள் நாலைந்து பேர் அவருடைய அறைக்கே போய், "டீச்சர், இது உங்க மேல இல்ல. நீங்க ஏற்கெனவே எழுதிக் கேட்டிருப்பீங்கன்னு எங்களுக்குத் தெரியும். அந்த காப்பி இருந்தா குடுங்க, நாங்க எடுத்துக்கிட்டு போறோம்" என்றோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பீரோவைத் திறந்து ஒரு ஃபைலை எடுத்துப் போட்டார். கடிதம் கடிதமாக இருந்தது. "நான் எழுதினா பதில் வராதும்மா. ரெண்டு தடவ எழுதினா எங்கிட்டயே விளக்கம் கேப்பாங்க. நீங்க போனா உக்கார வெச்சுப் பேசுவாங்க" என்றார்.

பெற்றோரைத் திரட்டுவது ஆசிரியருக்கு எதிரான வேலை என்று நினைக்கிறவர்களுக்கு இந்த ஒரு வாக்கியத்தைத்தான் நான் சொல்வேன். அரசு ஊழியர் மேலதிகாரியிடம் வற்புறுத்திக் கேட்க முடியாது. பெற்றவளால் முடியும். பள்ளிக்கு வேண்டியதைக் கேட்கும் வாய் பள்ளிக்கு உள்ளே இல்லை, வெளியே தெருவில் இருக்கிறது. ஆசிரியர்கள் ஒரு பக்கம், பள்ளி விவரங்களையெல்லாம் பதிவு செய்கிற எமிஸ் என்ற அரசுச் செயலியில் தகவல் ஏற்றுகிற வேலையிலேயே பாதி உயிரை விடுகிறார்கள். அவர்களோடு சண்டை போட்டு நமக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குக் கும்பலாகப் போனோம். ஃபைல் எந்த மேஜையில் இருக்கிறது என்று கேட்டோம், மனு கொடுத்ததற்கு எண் வாங்கினோம், வார்டு கவுன்சிலரிடம் அந்த எண்ணோடு போனோம், மறுபடி அலுவலகம் போனோம். நடுவில் ஒரு முறை தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி விண்ணப்பம் போட்டோம். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும் என்பதால் அதற்கு ஒரு மரியாதை உண்டு. ஒவ்வொரு முறை போய்வந்த பிறகும் தெருவில் வந்து என்ன சொன்னார்கள் என்று எல்லோருக்கும் சொன்னோம். இந்த 'வந்து சொல்வது' ரொம்ப முக்கியம். சொல்லாவிட்டால் அடுத்த முறை கூட வர ஆள் இருக்காது. கதவுகளுக்குத் தாழ்ப்பாள் வந்தது, மோட்டார் பழுது பார்த்தார்கள். துப்புரவு இன்னும் தடுமாற்றம்தான், ஒரு வாரம் சுத்தமாக இருந்தால் மறு வாரம் நாறுகிறது. ஆனால் பாட்டில்கள் காலியாக வீட்டுக்கு வருகின்றன.

நகரத்தில் இந்த வேலை கிராமத்தைவிடக் கஷ்டம் என்று நினைக்கிறேன். கிராமத்துப் பள்ளியில் படித்தவரும் படிக்கிறவரும் ஒரே ஊரில் இருப்பார்கள். இங்கே 11 மாத வாடகை ஒப்பந்தம் முடிந்தால் குடும்பம் வேறு தெருவுக்குப் போய்விடும், பிள்ளை வேறு பள்ளிக்குப் போய்விடும். கட்டட வேலைக்கு வந்த ஒடியா, பிகார் குடும்பத்துப் பிள்ளைகளும் எங்கள் வகுப்புகளில் இருக்கிறார்கள். அவர்களின் அம்மாக்களை எந்தக் கூட்டத்திலும் நான் பார்த்ததில்லை. நகரத்தின் தென் ஓரத்தில் இருக்கும் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் ஆற்றோரக் குடும்பங்களைக் கொண்டுபோய் விட்டபோது, பழைய பள்ளிக்குத் தினமும் பஸ்ஸில் வர முயன்று நின்றுபோன பிள்ளைகள் எத்தனையோ பேர். அப்படி ஒரு குடியிருப்பை இடம் மாற்றும்போது வீடுதான் கணக்கில் வருகிறது. பிள்ளையின் படிப்பும், அந்தப் பள்ளியைச் சுற்றி உருவாகியிருந்த உறவும் கணக்கில் வருவதில்லை.

இன்னொன்று. நகரத்தில் பேசத் தெரிந்த, அலுவலகத்தில் மதிக்கப்படுகிற சங்கங்கள் இருக்கின்றன. அடுக்குமாடிக் குடியிருப்போர் நலச் சங்கங்கள் பூங்காவுக்கும் குப்பைக்கும் மழைநீர் வடிகாலுக்கும் நன்றாகவே போராடுகின்றன. பக்கத்துத் தெருவில் இருக்கும் அரசுப் பள்ளிக்கு மட்டும் அவர்கள் போராடுவதில்லை, ஏனென்றால் அவர்கள் பிள்ளைகள் அங்கே இல்லை. இது எனக்கு உண்மையாகவே வருத்தம். அந்தப் பள்ளியில் படிக்கிற பிள்ளையின் அம்மாதான் அவர்கள் வீட்டில் சமைக்கிறார்.

இதே விஷயத்தில் அமெரிக்காவின் சிகாகோ நகரத்தைப் பற்றித் தேடித் தேடிப் படித்திருக்கிறேன். 1987-இல் அங்கே ஆசிரியர்கள் 19 பள்ளி நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பொறுமை இழந்த பெற்றோர் தெருவுக்கு வந்தார்கள். அடுத்த வருடமே ஒரு சட்டம் வந்தது. ஒவ்வொரு பொதுப் பள்ளிக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு மன்றம்: ஆறு பெற்றோர், வட்டாரத்தைச் சேர்ந்த இரண்டு பேர், ஆசிரியர்கள், தலைமை ஆசிரியர். தலைமை ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பதும், நான்கு வருட ஒப்பந்தம் முடிந்தால் நீட்டிப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பதும் அந்த மன்றம்தான். நம் ஊரில் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

ஆனால் அவ்வளவு அதிகாரம் கையில் இருந்தும் எல்லா இடத்திலும் அது வேலை செய்துவிடவில்லை. லோகன் ஸ்கொயர் என்ற பகுதியில் நடந்ததுதான் என்னை யோசிக்க வைத்தது. மெக்சிகோவிலிருந்தும் போர்ட்டோ ரிக்கோவிலிருந்தும் வந்த குடும்பங்கள் நிறைந்த இடம். ஒரு வகுப்பில் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அங்கிருந்த மக்கள் சங்கம் முதலில் கூடுதல் கட்டடங்களுக்குப் போராடி வாங்கியது. பிறகு 1995-இல் ஒரு திட்டம் தொடங்கியது. அம்மாக்கள் தினமும் இரண்டு மணி நேரம் வகுப்பறையில் உட்கார்ந்து, படிப்பில் பின்தங்கும் பிள்ளைகளுக்கு உதவுவார்கள். தன் சொந்தப் பிள்ளையின் வகுப்பில் இல்லை, வேறு வகுப்பில். அதற்கு ஒரு சின்னத் தொகையும் உண்டு. ஆங்கிலம் சரியாக வராமல் பள்ளி வாசலிலேயே நின்ற பெண்கள் உள்ளே வந்தார்கள். ஆசிரியர் படுகிற பாடு அம்மாவுக்குத் தெரிந்தது, அம்மாவுக்கு எவ்வளவு தெரியும் என்று ஆசிரியருக்குத் தெரிந்தது. அதே பெண்களில் பலர் பிறகு மன்றங்களுக்குப் போட்டியிட்டார்கள், சிலர் மேலே படித்து ஆசிரியர்களாகவே ஆனார்கள். உள்ளூர்க்காரர்களை ஆசிரியர்களாக்க உதவி செய்யும் சட்டத்தை இல்லினாய் மாநிலம் 2004-இல் கொண்டுவந்தது. அதற்கு முன்மாதிரி இந்த லோகன் ஸ்கொயர் அம்மாக்கள்தான்.

அந்த நகரத்துப் பள்ளிகளைப் பல வருடம் ஆராய்ந்த அந்தோணி பிரைக்கும் பார்பரா ஷ்னைடரும் ஒரு கணக்கைச் சொன்னார்கள். ஆசிரியரும் பெற்றோரும் தலைமை ஆசிரியரும் ஒருவரையொருவர் நம்பிய பள்ளிகளில், வாசிப்பிலும் கணிதத்திலும் முன்னேற இரண்டில் ஒரு வாய்ப்பு. நம்பிக்கை இல்லாத பள்ளிகளில் ஏழில் ஒன்று. தீர்மானப் புத்தகத்தால் மட்டும் அந்த நம்பிக்கை வருவதில்லை. பீரோவிலிருந்து ஃபைலை எடுத்துத் தந்த எங்கள் டீச்சரை நினைத்தால் எனக்கு இந்தக் கணக்கு ஆச்சரியமாக இல்லை.

கசப்பான பக்கமும் சிகாகோவில் உண்டு. 2013-இல் அந்த நகரம் ஒரே முடிவில் ஏறத்தாழ 50 பள்ளிகளை மூடியது, பெரும்பாலும் கறுப்பின மக்களும் லத்தீன் அமெரிக்க மக்களும் வாழும் பகுதிகளில். பிரான்ஸ்வில் பகுதியின் டையெட் உயர்நிலைப் பள்ளியையும் மூட முடிவெடுத்திருந்தார்கள். அதைப் பொதுப் பள்ளியாக மறுபடி திறக்க வேண்டும் என்று 2015-இல் பெற்றோரும் பாட்டிமார்களும் ஆசிரியர்களுமாகப் பன்னிரண்டு பேர் உண்ணாவிரதம் இருந்தார்கள். 34 நாள். 2016-இல் அந்தப் பள்ளி கலைகளுக்கான பொதுப் பள்ளியாக மறுபடி திறந்தது. ஒரு பள்ளிக்கூடத்துக்காகச் சாப்பிடாமல் 34 நாள் இருக்க வேண்டிய நிலைமை எந்த ஊரிலும் வரக் கூடாது.

நம் ஊரிலும் பள்ளிக்காக மக்கள் சேர்ந்த வரலாறு பெரியது. 1920-இல், பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு தொடங்கினார்கள். காமராஜர் காலத்தில் நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்து நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் 1958-இல் கடம்பத்தூரில் தொடங்கின. பெஞ்ச், மணி, கடிகாரம், நிலம் என்று ஊர் ஊராக மக்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். அரசாங்கத்திடம் பணம் இல்லாத காலத்தில் அது பெரிய காரியம், அந்தத் தலைமுறையை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

இன்றைக்கு நாம் அதையே திரும்பச் செய்தால் போதாது என்பதுதான் என் கருத்து. சுவருக்கு வண்ணம் அடிக்க நன்கொடையாளர்கள் வருகிறார்கள், வரட்டும். ஆனால் தாழ்ப்பாளுக்குப் பெற்றோரிடம் தலைக்கு ஐம்பது ரூபாய் வசூலிக்கலாமா என்று எங்கள் குழுவிலேயே ஒருவர் கேட்டார். வேண்டாம் என்று பிடிவாதமாக நின்றோம். 100-க்கு மேல் 250 வரை பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கு ஒன்றிய அரசும் மாநில அரசும் சேர்ந்து பணம் போடுகிற ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வருடத்துக்கு 50,000 ரூபாய், அதற்கு மேல் ஆயிரம் வரை என்றால் 75,000 ரூபாய் மானியம் என்று விதி இருக்கிறது. அது வந்ததா, எதற்குச் செலவானது என்று கேட்கிற உரிமை குழுவுக்கு இருக்கிறது. 2024–25-இல் இந்தத் திட்டத்துக்கான 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு தமிழ்நாட்டுக்கு விடுவிக்காமல் நிறுத்திவைத்தது. அந்தச் செய்தியை டிவியில் பார்த்த எத்தனை பெற்றோருக்கு அது தங்கள் பள்ளிக்கு வர வேண்டிய பணத்தின் கதை என்று தெரியும்? ஐம்பது ஐம்பதாக வசூலித்துக்கொண்டிருந்தால் இந்தக் கேள்வி யாருக்கும் வராது.

ஆபத்துகளும் இருக்கின்றன, மறைக்க மாட்டேன். கட்சிக்காரர்கள் தங்கள் ஆட்களைக் குழுவில் நுழைக்கப் பார்ப்பார்கள். 2022-இல் 13,331 தற்காலிக ஆசிரியர்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் மூலம் நியமிக்கச் சொன்னபோது, இடைநிலை ஆசிரியருக்கு 7,500 ரூபாய் சம்பளம் என்றார்கள். ஒரு பக்கம் குழுவுக்கு அதிகாரம் கிடைத்தது என்று சந்தோஷப்படலாம். படித்துத் தகுதித் தேர்வு எழுதிய ஒருவரை அந்தச் சம்பளத்தில் வைக்கும் பொறுப்பு அம்மாக்கள் தலையில் விழுந்தது என்பதும் உண்மை. எது நம் அதிகாரம், எது நம்மிடம் தள்ளிவிடப்பட்ட சுமை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அதையும் தனியாக உட்கார்ந்து யோசிக்க முடியாது, நாலு பேர் பேசினால்தான் விளங்கும்.

இப்போது எங்கள் கையில் இருப்பது எட்டாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகளின் பிரச்சினை. எங்கள் பள்ளி எட்டோடு முடிந்துவிடும். உயர்நிலைப் பள்ளி ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். பெண் பிள்ளைகள் சிலர் அங்கே சேராமலே நின்றுவிடுகிறார்கள், பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற பாதைதான் காரணம்: தெருவிளக்கு எரியாத ஒரு நீளம், ஒரு டாஸ்மாக் கடை. இதை ஒரு பள்ளியின் குழு தனியாகச் செய்ய முடியாது. அதனால் அந்த உயர்நிலைப் பள்ளியின் பெற்றோர்களையும், பக்கத்து வார்டில் இருக்கும் இன்னொரு நடுநிலைப் பள்ளியின் பெற்றோர்களையும் பார்த்துப் பேச ஆரம்பித்திருக்கிறோம். போன வருடம் எட்டாவது முடித்த பிள்ளைகளில் யார் யார் ஒன்பதாவதில் சேரவில்லை என்று வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதுகிறோம். பட்டியல் முடிந்ததும் மூன்று பள்ளிகளின் பெற்றோரும் சேர்ந்து, வார்டு மக்கள் கூடிக் குறைகளைச் சொல்கிற பகுதி சபைக் கூட்டத்துக்குப் போவதாக ஏற்பாடு. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போல, அக்கா வீட்டு மாடியில் உட்காருகிறோம்.